நின்று பதில் சொன்னவர்

தோணி வாவியின் அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் தலை பக்கப் பலகையில் இடிபடப் பார்த்தது. பூபாலபிள்ளை மாமனாரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். உயிரோடிருந்த காலத்தில் அவரை அவன் ஒரே ஒரு தரம்தான் தொட்டிருக்கிறான். அன்று அவர் விழப் போனார். பிடித்தான்.

பின்னால், மேற்கே, படுவான்கரை வயல்கள் மஞ்சளாகத் தேய்ந்துகொண்டிருந்தன. முன்னால் குருக்கள்மடத்துத் துறை. கச்சான் காற்று முதுகில் அடித்தது. காற்றே தோணியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் போலிருந்தும் அழகையா விடாமல் கம்பு ஊன்றினான். இறந்துபோன மாமனார் சாமித்தம்பியின் தங்கை மகன் அவன். வருகிற தையில் அவருடைய இளைய மகள் இரத்தினம்மாவைக் கட்ட இருப்பவன். அழுதுகொண்டே ஊன்றினான். மூக்கைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

"ஏன் அண்ணன் நிண்டவரு?" என்றான்.

"ஆரு?"

"மாமாதான். பிணையல் மாட்டுக்குப் பின்னால போய்க்கிட்டிருந்த மனிசன் இடையில ஏன் நிண்டவரு? நிக்கிற ஆள் இல்லியே அவர்."

பூபாலபிள்ளை தண்ணீரைப் பார்த்தான்.

"தெரியா," என்றான்.

அவனுக்குத் தெரியும். அவன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்றும் நினைத்திருந்தான்.

சாமித்தம்பி நடந்தே வாழ்ந்த மனிதர். வாவியைக் கடந்து வயல் வட்டைக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை வரம்பு வரம்பாக நடப்பார். நடந்தால்தான் அவருக்கு யோசனை ஓடும். எந்த வயலுக்கு எந்த நெல், எந்த வாய்க்காலை எப்போது வெட்டி விடுவது, எல்லாம் காலோடு சேர்ந்து வரும். உட்காரவைத்துக் கேட்டால் திணறுவார். "நடங்க, சொல்லுறன்," என்பார். பூபாலபிள்ளை கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த புதிதில், அவர் சொல்லுவதைக் கேட்கவென்றே பின்னால் ஓடி மூச்சு வாங்கியிருக்கிறான். மட்டக்களப்பில் கல்லூரி முடித்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் அவன். வயல் தெரியாது.

போன ஐப்பசியில் தெய்வானை பிள்ளைப்பேற்றில் இறந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. முப்பத்தோராம் நாள் செலவுச் சாப்பாடு முடிந்து இலைகளை எடுக்கும்போதே மாமியின் தமையன் வினாயகமூர்த்தி பேச்சை எடுத்தார். பூபாலபிள்ளை இனித் தாய் வீட்டுக்குப் போவதுதான் முறை என்றார். அவர் சொன்னது பிழையில்லை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பிறந்த வீடு அவன் தங்கைக்குச் சீதனமாகப் போகும். அவன் வாழும் வீடு மனைவியின் சீதனம். அவள் போய்விட்டால் அது அவள் தங்கைக்கு. பூபாலபிள்ளையின் தாய் வீட்டில் அப்போதே தங்கையின் புருசன் இருந்தான். இரண்டு வீட்டிலும் அவன் விருந்தாளி.

அன்று சாமித்தம்பிதான் வாய் திறந்தார்.

"அவர் எங்க போற? இரிக்கட்டும். எனக்கும் கூட நடக்க ஒரு ஆள் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செத்தவீட்டுச் சிரிப்பு, சட்டென்று நின்றது. அவன் இருந்துவிட்டான்.

இருந்ததற்குக் காரணம் ஓர் அறை. தெய்வானை கிடந்த அறை. பேற்று எண்ணெயின் மணம் சுவரில் இன்னும் இருந்தது. பள்ளிக்கூடத்தில், வீதியில், வாவிக்கரையில் அவள் முகத்தை நினைத்தால் வராது. மூக்கு வரும், கண் வராது. அந்த அறையில் பாயை விரித்துப் படுத்தால் முழுதாக வரும். இதை யாருக்கும் சொல்ல முடியாது. சொல்லி ஓர் அறையைக் கேட்கவும் முடியாது. மாமனார் இருக்கும்வரை கேட்கத் தேவையிருக்கவில்லை.

பின்னேரங்களில் இருவரும் நடந்தார்கள். அப்போதுதான் கவனித்தான். ஏதும் கேட்டால் மாமனார் நிற்பார். நின்று, நிலத்தைப் பார்த்து, பதில் சொல்லி முடித்து, பிறகுதான் காலை எடுப்பார். முதலில் மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்தான். பிறகு துக்கம் என்று நினைத்தான். ஒரு நாள் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருந்த தென்னங்குற்றியில் அவர் பாதித் தூரம் போயிருந்தபோது, பின்னாலிருந்து சும்மா கேட்டான்.

"மாமா, தெய்வானை சின்னதில எந்தப் பள்ளிக்குப் போனவ?"

குற்றியில் நிற்க வசதியில்லை. நடந்துகொண்டே பதில் சொல்லப் பார்த்தார். "அவ…" என்றார். இடது கால் குற்றியை விட்டு விலகி வெறுங்காற்றில் இறங்கியது. பூபாலபிள்ளை இரண்டு கைகளாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்.

கரையேறி இருவரும் புல்லில் குந்தியிருந்தார்கள். அவர் மூச்சு ஆற நேரமெடுத்தது.

"காலும் யோசினையும் முந்தி ஒண்டாப் போகும், மருமகன். இப்ப ஒண்டு வெளிக்கிட்டா மத்தது நிண்டிருது."

"டாக்குத்தரிட்டக் காட்டுவமா மாமா?"

"என்னத்தக் காட்டுற? நடக்கிறன். கதைக்கிறன். ரெண்டும் நல்லாத்தானே இரிக்கி. சேந்து வருகுதில்ல. வயசு." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வீட்டில சொல்லிப்போடாதீங்க. மறுகா வயலுக்கு விடமாட்டாங்க. மூலையில இருத்தி வச்சுச் சோறு தருவாங்க."

அதற்குப் பிறகு இருவரும் வாய் திறக்காமல் நடந்தார்கள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. வீதித் திருப்பத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த றவூப் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"என்ன வாத்தியார், மாமனுக்கும் மருமகனுக்கும் வழக்கா? கோட்டுக்குப் போறவங்க போலப் போறீங்களே!"

சாமித்தம்பி நின்றார். "வழக்கில்ல. சமாதானம்," என்றார். பிறகு நடந்தார். அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது.

பூபாலபிள்ளைக்கும் அந்த மௌனம் வசதி. பேச ஒன்றுமில்லை. பேசாமல் பக்கத்தில் ஒரு மனிதர் நடந்தால் போதும்.

ஆவணியில் கோடை வேளாண்மை வெட்டிக் கதிர்க்கட்டுகளைச் சூடு சூடாகக் குவித்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. மாமனார் களவெட்டிக்குப் போகிறார் என்றதும் அவனும் போனான். போகாமல் தடுக்க வழியிருக்கவில்லை. பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்தான்.

களவெட்டிக்கென்று ஒரு பேச்சு உண்டு. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் உதிர்க்கிற அந்த இடத்தில் வழக்கமான சொற்களைச் சொல்லக்கூடாது. பூதங்கள் கேட்டுக்கொண்டிருந்து நெல்லை வாரிக்கொண்டு போய்விடும் என்பார்கள். நெல் அங்கே பொலி. கடகம் பெருவாயன். மாடு வாரிக்காலன். தண்ணீர் வெள்ளம். பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். பூபாலபிள்ளை வந்த முதல் வருடம் வாய் தவறி மாடு என்று சொல்லிவிட்டான். "இங்கிலீசு படிச்சவர் பூதத்துக்கு வழி காட்டுறாருடோய்!" என்று எல்லோரும் கைகொட்டினார்கள். அவனை வெளியே அனுப்பிக் கால் கழுவ வைத்துத்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தபடியால் அது பகிடியோடு போயிற்று.

நாக்கைக் காவல் காத்துக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் வட்டம் வட்டமாக நடப்பது மாமனாரால் எப்படி முடியும் என்று அவன் பயந்தான். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேறு எதுவும் பேசவில்லை. "பொலி… பொலி… பொலியோ பொலி" என்று கூவிக்கொண்டே போனார். வாலிப வயதிலிருந்து கூவியது. அதற்கு யோசிக்கத் தேவையில்லை. யோசிக்காத சொல் அவர் காலை நிறுத்தவில்லை. பிணைத்த எருமைகளின் முதற் பிணையலுக்குப் பின்னால் அவர். கொஞ்சம் தள்ளி, இரண்டாம் பிணையலை ஓட்டிக்கொண்டு அழகையா. விடியற்காலை முழுவதும் வட்டம் குலையாமல் சுற்றியது. பூபாலபிள்ளை கூளத்தை ஒதுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றான். பயம் மெல்ல விட்டுப்போனது.

வெயில் ஏறியதும் காற்றுத் திரும்பியது. அழகையா அதைப் பார்த்துவிட்டு மாடுகளுக்கு மேலால் எட்டிக் கேட்டான்.

"மாமா, அடுத்த சூட்ட எந்தப் பக்கத்தால பிரிக்கிற?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. சாமித்தம்பி நின்றார். தலையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். முதற் பிணையல் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இரண்டாவது வந்துகொண்டிருந்தது. அழகையா அதற்குள் வேறு பக்கம் திரும்பி யாருக்கோ கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

பூபாலபிள்ளை கண்டான். ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான்.

"மாமா! மாடு! மாடு!"

சரியான சொல் வரவில்லை. வந்தது அதுதான்.

கிழவர் திரும்பினார். மாடுகளின் பக்கம் அல்ல, அவன் பக்கம். முகம் சுளித்தது. வாயைப் பொத்தச் சொல்வதுபோல ஒரு கையைத் தூக்கினார். கை தூக்கியபடியே இருக்க, வெளிப்பக்கத்து எருமையின் தோள் அவரை அடித்து வீழ்த்தியது.

தூக்கிக்கொண்டுபோய்க் காவல் குடிசையான வாடிக்குள் கிடத்தினார்கள். வெளியில் காயம் அதிகமில்லை. நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கண் திறந்திருந்தார்.

"வெள்ளம்," என்றார்.

களவெட்டிக்கு வெளியே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பூபாலபிள்ளை செம்பைச் சாய்த்தான். பாதி கடைவாயால் வழிந்தது. மீதி உள்ளே போனதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

துறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தோணி தரை தட்டுவதற்கு முன்பே பெண்களின் குரல் எழுந்தது. செய்தி முன்னால் போயிருந்தது. செய்தியோடு அந்தச் சொல்லும் போயிருந்தது.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு வெள்ளை கட்டினார்கள். பறைமேளம் வந்தது. உடம்பைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தினார்கள். இரத்தினம்மா தகப்பனின் காலடியில் விழுந்து கிடந்தாள். சீதேவிப்பிள்ளை அழவில்லை. தலைமாட்டில் இருந்து, புருசனின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தாள். குளிப்பாட்டியவர்களின் கண்ணுக்கு அது தப்பியிருந்தது.

வெளியே பந்தலுக்குள் வினாயகமூர்த்தி பூபாலபிள்ளையைக் கூப்பிட்டார். அந்தத் தாய்வழிக் குடியில் மூத்தவர் அவர். சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள்.

"என்ன சொல்லிக் கத்தினீங்க?"

"மாடு எண்டு."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"களவெட்டிக்குள்ள நிண்டு?"

"ஓம்."

"வாரிக்காலன் எண்டு சொல்ல நாக்குப் பிரளல்லியா?"



"பள்ளிக்கூடத்தில ஊருப் புள்ளையளுக்கெல்லாம் சொல்லுச் சொல்லிக் குடுக்கிறவர்," என்று மூலையிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "நாலு சொல்லு அவருக்கு மனசில நிக்கல்ல."

"பூதத்தக் கூப்பிட்டுக் காட்டின மாதிரித்தான்," என்றார் இன்னொருவர். "அது வந்து ஆளயே எடுத்துக்கிட்டுப் போயிட்டு."

அழகையா பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு அடி முன்னால் வந்தான்.

"அப்பிடியில்ல. அதுக்கு முதல் நான்தான் மாமாட்ட ஒரு…"

"கொஞ்சம் பொறுங்க."

குரல் வாசலிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். சீதேவிப்பிள்ளை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது அங்கே வழக்கமில்லை. கலியாணமாகி இத்தனை வருடங்களில் அவள் குரலை அவன் கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறான். அவருக்குச் சோறு வேணுமா எண்டு கேளு புள்ள. அவர் வந்திட்டாரா எண்டு பாரு புள்ள. மகள் இறந்த அன்றுகூட அவள் அவன் முன்னால் வரவில்லை. இன்று வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடவுமில்லை. அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர் நிண்டவரா, நடந்தவரா?"

வினாயகமூர்த்திக்கு விளங்கவில்லை. "என்ன தங்கச்சி கேக்காய்?"

"அவரிட்டத்தான் கேக்கன். நீங்க சொல்லுங்க. மாடு முட்டக்குள்ள இவர் நிண்டவரா, நடந்துகொண்டிருந்தவரா?"

பூபாலபிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்குள் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையில் அவர் நடப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடித்தும் அவரிடம் காட்டாமல், அவர் நடக்கும்போது ஒன்றும் கேட்காமல், வயலுக்குப் போகவும் விட்டிருக்கிறாள். மூன்று பேரும் ஒரே விசயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

அவள் தோளுக்குப் பின்னால், இருட்டில், இரத்தினம்மா நின்றாள். அவள் பூபாலபிள்ளையைப் பார்க்கவில்லை. பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அழகையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்றார் என்றால், ஏன் நின்றார் என்று கேட்பார்கள். யார் நிறுத்தியது என்று கேட்பார்கள். பிறகு, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்பார்கள். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாத கிழவரை வயலுக்கு விட்டது யார் என்று கேட்பார்கள். நடந்தார் என்றால் கேட்க ஒன்றுமில்லை. நடந்துகொண்டிருந்த மனிதரை ஒரு சொல் அடித்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொன்னவன் இந்த வீட்டில் இருக்க முடியாது.

அவன் அறைக் கதவைப் பார்த்தான். சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் யாரோ வாழைக்குலையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"நடந்துதான் போனவர், மாமி," என்றான். "நிக்கல்ல."

அவள் பார்வையை எடுக்கவில்லை. மேளக்காரர் தோலைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்தினார்கள். புகை பந்தலுக்குள் வந்தது. அவள் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனதும் அவள் குரல் எழுந்தது. அதுவரை அந்த வீட்டில் அழுத அத்தனை பேரின் குரலையும் அது மூடியது.

"கேட்டுதா?" என்றார் வினாயகமூர்த்தி பந்தலைப் பார்த்து. "நல்லா நடந்து போய்க்கிட்டிருந்த மனிசன்."

அழகையா வாயைத் திறந்தான். பூபாலபிள்ளை அவனைப் பார்த்தான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. குடம் தூக்குவது மூத்த மருமகனாக இருந்திருக்க வேண்டும். அழகையாவின் தோளில் வைத்தார்கள். தண்ணீர் அவன் முதுகெல்லாம் வழிந்தது. பூபாலபிள்ளை ஊர்வலத்தின் கடைசியில் போனான். மணல் வீதி. பறைமேளத்துக்கு எல்லோருடைய காலும் ஒரே மாதிரி விழுந்தது. யாரும் அவனோடு பேசவில்லை. மயானத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவன் முறை வந்தபோது குழி அநேகமாக நிரம்பியிருந்தது. மண்வெட்டிக்காரன் ஒதுங்கி நின்று அவனுக்கு இடம் விட்டான்.

திரும்பி வந்து குளித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அயலவர்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். குடும்பத்துக்கு உள்ளே இலை போட்டார்கள். வினாயகமூர்த்தி அழகையாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பூபாலபிள்ளைக்குப் பந்தலில், வெளியூரிலிருந்து வந்தவர்களின் வரிசையில், கடைசி இலை கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் களுதாவளைக்காரர். அவனைத் தெரியாது.

"நீங்க செத்தவருக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவர்," என்றான்.

இரத்தினம்மா உள்ளேயிருந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. பரிமாறுகிறவள் போல ஒரு சட்டியைக் கையில் வைத்திருந்தாள். அதில் ஒன்றுமில்லை. அவன் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"அத்தான்."

"ம்."

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா. சாமான் ஏத்த வண்டிக்காரனிட்ட எண்டைக்குச் சொல்லுற எண்டு."

அவன் சோற்றைப் பிசைந்தான். பருப்பில் உப்பு அதிகமாக இருந்தது.

"எட்டாம் நாள் செலவு முடியட்டும் புள்ள. அதுக்கு அடுத்த நாள்."

"ஓம்."

அவள் போகவில்லை. சட்டியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"அறையக் கூட்டிக் கழுவ வேணாமாம். நீங்க போறவரைக்கும் அப்பிடியே கிடக்கட்டுமாம். அம்மா சொன்னா."

அவன் தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள். வாவியிலிருந்து காற்று வந்தது. இலையின் வெறும் பாதியைத் தூக்கிச் சோற்றின் மேல் மடித்தது. அவன் அதை விரித்து, இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான்.